அயிரைக்குப் பெரியப்பா பிள்ளை

மதுரையிலிருந்து கொல்கத்தாவுக்கு மாற்றல் வந்தபோது வீட்டில் மூன்று பேரும் மூன்று விதமாக அழுதோம். தங்கமணி வாய்விட்டு, மகள் வாயே திறக்காமல், அடியேன் தலைமை அலுவலகத்துக்கு மின்னஞ்சலில் :-). ஒன்றும் நடக்கவில்லை. மூட்டை முடிச்சோடு வந்து சேர்ந்தோம்.

எங்களுக்கு ஆபீஸ், சமையல் என்று ஏதோ ஒரு வேலை இருந்தது. பாவம், மகள். ஐந்தாம் வகுப்பில் நடுவில் போய் உட்கார்ந்தாள். வகுப்பில் ஆங்கிலம், ஆனால் விளையாட்டு மைதானத்தில் முழுக்க வங்காளம். மதிய இடைவேளையில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுகிறாள் என்று வகுப்பு ஆசிரியை சொன்ன அன்று, குற்ற உணர்ச்சி வந்த எல்லா அப்பாக்களும் செய்வதைத்தான் நானும் செய்தேன். கடைக்குப் போய் எதையாவது வாங்கி வந்தேன். அந்த எதையாவது, ஒரு உருண்டைக் கண்ணாடிக் கிண்ணமும் நாலு தங்கமீனும்.

ஒன்பது நாள். நாலும் போய்விட்டன. கடைசி மீன் போன அன்று காலை மகள் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "அதுக்கும் இந்த ஊரு பிடிக்கலையாப்பா?"

நான் சொல்ல வந்த விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நம்மைப் போல வாடகை வீட்டில், மாற்றல் வேலையில் ஊர் ஊராகப் போகிறவர்கள் தாராளமாக மீன் வளர்க்கலாம். பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம் வளர்க்கலாம் என்பேன். ஆனால் கண்ணுக்குப் பிடித்த மீனை வாங்கி வந்து அதற்காகத் தண்ணீரோடு மல்லுக்கட்டக் கூடாது. நம் குழாயில் என்ன தண்ணீர் வருகிறதோ, நம் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறதோ, அதற்கு ஏற்ற சின்ன மீன், சாதுவான மீன், கொஞ்சம் நீர்ச்செடி. அது போதும். கிளம்பும் நாள் வந்தால் அந்த மீனுக்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். இவ்வளவுதான்.

சரி, அந்த நாலு மீன் ஏன் செத்தன? பி.காம் படித்தவனுக்கு வேதியியல் வராது. ஆனால் இதைப் படித்துப் பார்த்தபோது எங்கள் பழைய கிளியரிங் டிபார்ட்மெண்ட் மாதிரியே இருந்தது.

மீன் போடும் கழிவும் அது தின்னாமல் விட்ட தீனியும் தண்ணீரில் அம்மோனியாவாகிறது. அம்மோனியா மீனுக்கு விஷம். ஒரு வகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றுகிறது. அதுவும் விஷம்தான். இன்னொரு வகை பாக்டீரியா நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதில் அவ்வளவு ஆபத்தில்லை; செடி உரமாக எடுத்துக்கொள்ளும், மிச்சத்தை நாம் வாரம் ஒரு முறை கொஞ்சம் தண்ணீர் மாற்றி வெளியேற்றலாம். புதுத் தொட்டியில் இந்த இரண்டு பாக்டீரியாவும் இருக்காது. கவுண்ட்டர் திறந்தாகிவிட்டது, வாடிக்கையாளர் வந்தாகிவிட்டது, ஊழியர் யாரும் இன்னும் டூட்டியில் சேரவில்லை! அவர்கள் வந்து கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேற நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். நான் நாலு மணி நேரம்கூடக் கொடுக்கவில்லை.

தங்கமீன் வேறு சும்மா இல்லை. நன்றாக வளர்ந்தால் ஒரு சாண் நீளம் போகும். பத்து வருடத்துக்கு மேல் வாழக்கூடிய மீன். நிறையத் தின்று நிறையக் கழிக்கும். குளிர்ந்த தண்ணீர் கேட்கும். அதை மூன்று லிட்டர் கிண்ணத்தில், கொல்கத்தா மே மாத வெயிலில் வைத்தால்? தண்ணீர் சூடாக ஆக அம்மோனியாவின் கொடுமையும் ஏறும். கிண்ணத்தில் மீன் வைக்கக் கூடாது என்று மத்திய அரசே 2017-ல் மீன் கடைகளுக்கான விதிகளில் எழுதியது. எதிர்ப்பு வந்ததும் அந்த விதிகளைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். விதி போனால் என்ன, மீனின் மூச்சு அதேதானே!

மேல் வீட்டில் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். கட்டடமே அவரை மாஸ்டர்மொஷாய் என்றுதான் கூப்பிடும். காலிக் கிண்ணத்தைப் பார்த்துவிட்டு விசாரித்தார். கதையைச் சொன்னேன். அவருடைய ஆங்கிலமும் என்னுடைய அரைகுறை இந்தியும் சேர்ந்து ஒருவழியாகப் புரிந்தது இது: "வங்காளத்துக்கு வந்து மீனுக்குப் பஞ்சம் என்று தங்கமீன் வாங்கினீர்களா? ஞாயிற்றுக்கிழமை என்னோடு வாருங்கள்."

கூட்டிப்போன இடம் காலிஃப் தெரு. வடக்கு கொல்கத்தாவில், பாக்பஜார் பக்கம். ஞாயிறு காலையில் தெரு முழுக்கச் சந்தை. செடி, தொட்டி, மண், பறவை, நாய்க்குட்டி, பிறகு மீன்... மீன்... மீன். பாலிதீன் பைகளில் காற்றடைத்துக் கட்டி வரிசையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். இந்தியாவிலிருந்து வெளிநாடு போகும் அலங்கார மீன்களில் பெரும்பகுதி கொல்கத்தா வழியாகத்தான் போகிறது என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். அதிலும் முக்கியமானவை வடக்கு வங்காளத்திலும் வடகிழக்கிலும் ஓடைகளிலும் பிடிக்கப்படும் சின்னஞ்சிறு மீன்கள். ஹாவ்டா, தெற்கு 24 பர்கானா பக்கம் வீட்டுக் கொல்லையில் குளம் வெட்டி வளர்த்துப் பிழைக்கும் குடும்பங்களும் உண்டு. நம்ம சென்னையில் கொளத்தூர் எப்படியோ, அப்படி.

மாஸ்டர்மொஷாய் ஒரு பையைக் காட்டினார். தேன் நிறத்தில், கட்டைவிரல் அளவில் மீன். "இது சுனா கோலிஷா. நாங்கள் சின்ன வயதில் வயலில் தேங்கிய தண்ணீரில் கையால் பிடிப்போம்." கடைக்காரர் அதையே ஹனி கௌராமி என்றார். இன்னொரு பையில் நீலக் கோடு போட்ட மீன். ஜீப்ரா டேனியோ. இதற்கு இங்கே பெயர் அஞ்சு.

வீட்டுக்கு வந்து தேடிப் படித்தால் சுவாரஸ்யம். ஃப்ரான்சிஸ் ஹாமில்டன் (புக்கானன் என்றும் சொல்வார்கள்) என்ற ஸ்காட்லாந்துக்கார டாக்டர் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்தார். சிப்பூர் தாவரவியல் பூங்காவும் கொஞ்ச காலம் அவர் பொறுப்பில் இருந்தது. கங்கையிலும் கிளைகளிலும் உள்ள மீன்களைப் பற்றி 1822-ல் ஒரு புத்தகம் போட்டார். இன்று உலகம் முழுவதும் வீட்டுத் தொட்டிகளில் நீந்தும் ஹனி கௌராமி, குள்ள கௌராமி, ஜீப்ரா டேனியோ, ரோஸி பார்ப், கண்ணாடி மீன் எல்லாமே அறிவியலுக்கு அறிமுகமானது அந்தப் புத்தகத்தில்தான். உள்ளூர்க்காரர்கள் கூப்பிட்ட பெயர்கள் பலவற்றை அப்படியே லத்தீன் பெயராக்கிவிட்டார் மனுஷன். வயலில் பையன்கள் பிடித்த சுனாவுக்கு அறிவியல் பெயரிலும் சுனா என்றே இருக்கிறது.

அந்த ஜீப்ரா மீன் இன்னும் பெரிய ஆள். அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் ஸ்ட்ரைசிங்கர் அதை வைத்து ஆராய்ச்சி தொடங்கி, 1981-ல் முக்கியமான கட்டுரை வெளியிட்டார். இன்று உலகமெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் அதுதான். 2013-ல் அதன் மரபணுத் தொகுப்பை முழுதாக வெளியிட்டபோது, மனிதனின் மரபணுக்களில் சுமார் 70 சதவீதத்துக்கு அதனிடம் ஜோடி இருப்பது தெரிந்தது. 2024-ல் சீனாக்காரர்கள் ஷென்சோ-18 விண்கலத்தில் நாலு ஜீப்ரா மீனையும் கொஞ்சம் நீர்ப்பாசிச் செடியையும் மூடிய ஒரு சின்னத் தொட்டியில் போட்டு விண்வெளி நிலையத்துக்கே அனுப்பினார்கள். மீன் விடும் மூச்சும் கழிவும் செடிக்கு, செடி விடும் ஆக்ஸிஜன் மீனுக்கு. எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருப்பதும் அதே கணக்குதான், என்ன, ராக்கெட் கிடையாது :-)

இந்த முறை அவசரப்படவில்லை. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. 54 லிட்டர் பிடிக்கும். மணல், தண்ணீர், கண்ணாடி எல்லாம் சேர்த்து முக்கால் குவிண்டால் கனம் வரும், டி.வி. ஸ்டாண்டில் வைக்காதீர்கள். பொடி மணல், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், குளிர்காலத்துக்கு 50 வாட் ஹீட்டர். வாலிஸ்னேரியா, ஹைட்ரில்லா, கிரிப்டோகொரைன் என்று மூன்று வகைச் செடி. விலை அதிகமான செடியும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரும் தேவையில்லை. விளக்கு ஒரு நாளைக்கு ஏழு மணி நேரம். அதற்கு மேல் எரித்தால் செடியை விட வேகமாகப் பாசி வளரும்.

பிறகு காத்திருந்தோம். மீன் இல்லாத தொட்டியில் தினமும் ஒரு சிட்டிகை தீனி மட்டும் போட்டோம். வருகிற விருந்தாளி எல்லாம் "மீன் எங்கே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். மகள் என்னுடைய பழைய லெட்ஜர் நோட்டு ஒன்றை எடுத்து, வாரம் இருமுறை சொட்டு மருந்து பரிசோதனை செய்து தேதி, அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட் என்று நாலு பத்தி போட்டு எழுதினாள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கியது. பிறகு நைட்ரைட் ஏறி இறங்கியது. இரண்டும் பூஜ்ஜியமாகி நைட்ரேட் மட்டும் நின்ற நாள் முப்பத்தாறாவது நாள். "அப்பா, டேலி ஆயிடுச்சு!" என்று கத்தினாள். இருபது வருடம் வங்கியில் வேலை பார்த்தவனுக்கு அதைவிட இனிய சொல் உண்டா?

முதலில் எட்டு அஞ்சு. கூட்டமாக இருந்தால்தான் அவை சந்தோஷமாக இருக்கும். ஒன்றிரண்டு வாங்கினால் ஒன்றையொன்று துரத்தும். இரண்டு வாரம் கழித்து மூன்று சுனா கோலிஷா. மேலே வந்து காற்றையே சுவாசிக்கக்கூடிய மீன் அது. ஆண்மீன் நீர்மட்டத்தில் நுரைக்குமிழால் கூடு கட்டும்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு லேக் மார்க்கெட் போயிருந்தோம். தெற்கு கொல்கத்தாவில் நம்மவர்களுக்கு முருங்கைக்காயும் காப்பித்தூளும் கிடைக்கும் இடம் அதுதான். மீன்காரர் ஒருவர் அலுமினியச் சட்டியில் தண்ணீர் விட்டு உயிரோடு ஏதோ வைத்திருந்தார். விரல் நீளம், பழுப்பு நிறம், மீசை, ஒன்றன் மேல் ஒன்றாக நெளிந்துகொண்டு. தங்கமணி போட்ட சத்தத்தில் மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. "ஏங்க, அயிரைங்க!"

மதுரைக்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: அயிரை எங்கள் ஊரில் உயிரோடு சட்டியில் விற்கும் மீன். சங்கப் பாடல்களிலேயே வருகிற பெயர். அயிரை மீன் குழம்புக்காக எந்தக் கோபத்தையும் மறக்கும் மாமனார்கள் உண்டு. தங்கமணி கண்ணில் தண்ணீர். குழம்பை நினைத்தா அம்மா வீட்டை நினைத்தா என்று நான் கேட்கவில்லை.

அப்போது மகள் முன்னால் போய் மீன்காரரிடம் கேட்டாள். "காகு, ஏட்டார் நாம் கீ?" இதற்குப் பெயர் என்ன என்று அர்த்தம். நாங்கள் கேட்ட அவளுடைய முதல் வங்காள வாக்கியம். "குதும்" என்றார் அவர்.

அயிரையும் குதுமும் ஒரே பேரினம். குதும் என்பதையும் 1822-ல் ஹாமில்டன்தான் எழுதி வைத்திருக்கிறார். சொந்தத்தில் சொன்னால் அயிரைக்கு இது பெரியப்பா பிள்ளை. நாலு வாங்கித் தொட்டியில் விட்டோம் (மிச்சம் குழம்பானது, பொய் சொல்ல மாட்டேன்). மணலுக்குள் புதைந்து தலை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். திடீரென்று மேலே பாய்ந்து ஒரு மிடறு காற்றைக் குடித்துவிட்டு மறுபடி மணலுக்குள். அதைப் பார்க்கவே கீழ் வீட்டுப் பையனும் எதிர் வீட்டுப் பெண்ணும் தினமும் வர ஆரம்பித்தார்கள். வந்தவர்கள் வங்காளத்தில் பேசினார்கள். மகளும் பேசினாள். மீன் சொல்லிக்கொடுத்த மொழி என்று கதை கட்ட மாட்டேன். ஆனால் பேச ஒரு விஷயம் கிடைத்தால் மொழி தானாக வருகிறது. எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு காரணம் கிடைத்தது. தங்கமீனுக்கு அந்தச் சக்தி இருந்திருக்காது, அது எல்லா ஊரிலும் இருக்கிறது.

இனி எதிர்வாதங்கள். நியாயமானவை.

"சுதந்திரமாகத் திரியும் மீனைக் கண்ணாடியில் அடைப்பது பாவமில்லையா?" பதில் சொல்லச் சங்கடமான கேள்விதான். ஜீப்ரா, ஹனி கௌராமி, ரோஸி பார்ப் இவையெல்லாம் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்பவை. அப்படி வளர்த்ததா என்று கேட்டு வாங்குங்கள். ஓடையில் பிடித்ததை ஆசைக்காகக் கூடை கூடையாக அள்ளினால் என்ன ஆகும் என்பதற்குக் கேரளத்தின் மிஸ் கேரளா மீன் சாட்சி. வெளிநாட்டு மோகத்தில் பிடித்துப் பிடித்து, அது அழியும் ஆபத்தில் உள்ள இனமாகிவிட்டது. கேரள அரசு 2008-ல் பிடிப்பதற்குக் கட்டுப்பாடு போட வேண்டி வந்தது. எங்கள் நாலு குதும் குளத்து மீன்தான், மறைக்கவில்லை. சட்டியிலிருந்து காப்பாற்றினேன் என்று பெருமை பேச மாட்டேன். நாலோடு நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். கண்ணாடி மீனுக்கு ஊசியால் சாயம் ஏற்றி விற்பார்கள், அதை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். அழகு என்ற பெயரில் நடக்கும் கொடுமை.

"சின்ன மீன் எதற்கு? அரோவானா வைத்தால் வாஸ்துவுக்கு நல்லது, பணம் வரும்." எனக்குத் தெரிந்த அதிகாரி ஒருவர் இதை நம்பி மூன்று அங்குல அரோவானா வாங்கினார். கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் வெள்ளி அரோவானா தென் அமெரிக்க மீன், மூன்றடி வரை வளரும். தொட்டியைச் சுத்தம் செய்யும் என்று ஒரு சக்கர் மீனையும் கூடவே தலையில் கட்டினார்கள். ஒன்றரை வருடத்தில் மாற்றல் ஆர்டர். என்ன செய்தார்? ராத்திரியோடு ராத்திரியாகப் பக்கத்துக் குளத்தில் இரண்டையும் விட்டுவிட்டு, புண்ணியம் செய்த திருப்தியோடு ரயில் ஏறினார்.

அது புண்ணியமில்லை. கொல்கத்தாவின் கிழக்கே 12,500 ஹெக்டேர் சதுப்பு நிலம் இருக்கிறது. 2002-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம். நகரத்தின் கழிவுநீரில் மீன் வளர்த்து நகரத்துக்கே சோறு போடும் குளங்கள் அவை. அங்கே இப்போது வலை வீசினால் சக்கர் மீன் வருகிறது. முள்ளும் ஓடுமாக வலையைக் கிழிக்கும், கரையில் குழி தோண்டும், மற்ற மீனின் தீனியைத் தின்னும், விலை போகாது. தென் அமெரிக்காவிலிருந்து அது தானாக நீந்தி வரவில்லை. யாரோ வளர்த்த தொட்டியிலிருந்து வந்தது. நம்மைப் போல யாரோ ஒருவர் ஊர் மாறிய நாளில் வந்தது. கட்டாத கடனை வாராக்கடனாக ஊர் தலையில் எழுதிவிட்டுப் போவதற்குச் சமம்.

துபாயிலோ நியூஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நண்பர்களுக்கு: அங்குள்ள ஓடையில் போய் மீன் பிடிக்கச் சொல்லவில்லை, பல இடங்களில் அது சட்டப்படி குற்றம். முதலில் உங்கள் குழாய்த் தண்ணீர் கடினமா மென்மையா என்று பாருங்கள், அதற்கு ஏற்ற சின்ன மீனைக் கேளுங்கள். கடைக்காரர் அநேகமாக ஜீப்ரா டேனியோவையோ ஹனி கௌராமியையோ காட்டுவார். நம்ம ஊர்ப் பக்கத்து ஆள்தான், உங்களைப் போலவே அங்கே பிழைக்க வந்திருக்கிறது. ஆனால் அங்கேயும் குளத்தில் விடாதீர்கள்.

எனக்கு மூன்று வருடக் கணக்கு முடியப் போகிறது. ஏப்ரல், மே மாதத்தில் ஆர்டர் வரலாம். போன வாரம் மகளின் லெட்ஜரை எடுத்துப் பார்த்தேன். முதல் பக்கத்தில் புதிதாக ஒரு வரி சேர்த்திருக்கிறாள். எங்கள் வங்கிப் படிவத்தில் பார்த்திருப்பாள் போல. "நாமினி" என்று எழுதி, கீழ் வீட்டுப் பையனின் பெயர். பக்கத்திலேயே அவன் கையெழுத்தும், வங்காளத்தில்.

பி.கு: இந்தியாவில் குழாய்த் தண்ணீரை ஒரு நாள் வாளியில் பிடித்து வைத்தாலே பெரும்பாலும் குளோரின் போய்விடும். வெளிநாட்டில் பல ஊர்களில் குளோரமின் கலக்கிறார்கள், அது அப்படிப் போகாது. அதற்கான சொட்டு மருந்து விடவும். தீனி இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு மட்டும். பாசத்தைத் தீனியில் காட்ட வேண்டாம், மாமியார் வீட்டு விருந்து மாதிரி ஆகிவிடும் :-)